பொற்செதில்

முதலில் பற்களைத்தான் பார்த்தேன்.
தொழில் புத்தி.

உரிமம் புதுப்பிக்க மணிலா போனவள்
மழைக்கு ஒதுங்கிய அருங்காட்சியகத்தில்
கண்ணாடிக்குள் நீ இருந்தாய்:
எங்கள் கடற்கரை மண்ணில் எடுத்த மண்டையோடு.
முன்பற்களில் தங்கம்.
உறை இல்லை, செதில்.
மீனின் விலாவில் கிடப்பதுபோல்
ஒன்றன் விளிம்பில் ஒன்று ஏறி.
அட்டையைப் படிக்கவிடாமல்
பள்ளிப் பிள்ளைகள் இடித்தார்கள்.
நீ ஆணா பெண்ணா, அதுகூடத் தெரியாமல்
வெளியே வந்தேன்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
உனக்குப் பல் இருக்கிறது,
சொல்தான் போய்விட்டது.

என் துளைகருவி
நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்று சுற்றும்.
மரத்துப்போக ஊசி போடுகிறேன்.
அப்படியும் என் நாற்காலிக் கைப்பிடியெங்கும்
நகத்தடங்கள்.
உன் ஆள் எதை வைத்துத் துளைத்தான்?
வில்நாணில் சுழலும் கல்முனையா?
எத்தனை நாள் வாய்பிளந்து மல்லாந்து கிடந்தாய்?
நரம்புக்கு ஒரு மயிரிழை முன்னால்
நிறுத்தியிருக்க வேண்டும் அந்தப் படுபாவி,
ஒவ்வொரு பல்லிலும்.
அவன் கைக்கு
என் சுவர்ச் சான்றிதழைக் கழற்றித் தருவேன்.

பாடப்புத்தகத்தில் நாங்கள் பிறந்தது
ஸ்பானியர் வந்து தலை எண்ணி
வரி எழுதிய நாளில்.
அதற்கு வெகு முன்பே நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.
மான்தோலும் தேன்மெழுகும் மணலில் பரப்பி
நீலப்பூத் தட்டுக்குப் பேரம் நடந்த காலையில்
சீனக் கப்பல்காரன் சொன்ன விலைக்கு
பதில் பேசாமல்
உதட்டை மெல்ல விரித்திருப்பாய்.
அவன் இறங்கி வந்திருப்பான்.

அலாமினோஸில் என் மருத்துவ அறை,
மீன்கடைக்கு மாடி.
போன செவ்வாய் எலிசேயோ ரெசுவெல்லோ வந்தார்.
தாசோல் உப்பளத்துக்காரர்,
குதிகாலில் வெள்ளை வெடிப்பு.
"இதைக் கழற்றிவிடுங்கள் டாக்டர்."
கோரைப்பல்லில் தங்க உறை,
கல்யாணத்துக்கு மாமனார் போட்டது.
பல்லில் குற்றமில்லை.
மகள் ஜோவெலின் தைவான் தொழிற்சாலைக்குப் போகிறாள்,
ஏஜென்சிக் கட்டணத்தில் கொஞ்சம் குறைகிறது.

இரண்டு கிராமுக்குச் சற்றுக் கீழே.
பஞ்சில் பொதிந்து கையில் வைத்தேன்.
நாக்கு அதைத் தேடிக்கொண்டே இருந்தது,
வேறு யாருடைய வாய்க்குள்ளோ
வழிதவறிப் போனதுபோல்.

பழக்கதோஷம், சொல்லிவிட்டேன்:
"மூன்று நாள் வெந்நீரில் உப்புப் போட்டுக்
கொப்பளியுங்கள்."
"எந்த உப்பு?" என்றார்.
இருவரும் சிரித்தோம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு.

பங்காசினான் என்றாலே
உப்பு விளைகிற இடம்.
கீழ்க்கடைப் பொட்டலத்தில் அச்சடித்திருப்பது
ஆஸ்திரேலியா.
பாத்தியில் மழை தவறிப் பெய்த வருஷம்
அவரும் அதை வாங்கியிருக்கிறார்,
இருட்டின பிறகு, அடுத்த ஊர்க் கடையில்.

கட்டணமாக ஒரு சாக்கு உப்பு
வாசலில் வைத்துவிட்டுப் போனார்.
மேசையடியில் அது காற்றின் ஈரத்தைக் குடித்துத்
தரையில் கசிகிறது.
நேற்று ஒரு கல் எடுத்துக் கடித்தேன்.
கரிப்பு, பின்னால் கொஞ்சம் சேறு,
அதற்கும் பின்னால் ஏதோ இனிப்பு.

உன்னைப் புதைத்தவர்களை நினைத்துக்கொள்கிறேன்.
அவர்களுக்கும் கடன் இருந்திருக்கும்,
கடல் தாண்டப்போகும் மகள் இருந்திருப்பாள்.
கடைசி நேரத்தில் ஒருவராவது
உன் உதட்டை விலக்கிப் பார்த்து
விரலை நீட்டி
மடக்கியிருப்பார்.
பிறகு தட்டைத் தலைமாட்டில் நேராக்கிவிட்டு
மண்ணைத் தள்ளியிருக்கிறார்கள்.

வியாழன் ஜோவெலின் வருகிறாள்,
பயணத்துக்குப் பல் சான்றிதழ் வேண்டுமாம்.
போன மாதமே பார்த்தேன்,
கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்றில் சொத்தை.
அதை அன்றைக்கே அடைத்துவிட்டு
முப்பத்திரண்டும் சரி என்று எழுதுவேன்.
காசு கேட்கமாட்டேன். சாக்கு இன்னும் பாதி இருக்கிறது.